மொட்டைக் கடுதாசியும் முழங்கால் தழும்பும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பள்ளியில் படிக்கும் ஒரு பெண்பிள்ளையைப் பற்றி ஆன்லைனில் பெயர் மறைத்து எழுதிக் குவித்த கதை இது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் பெயர் கிடையாது, ஊர் கிடையாது, எந்தப் பள்ளிக்கூடம் என்றும் சொல்ல மாட்டேன், ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய சில விவரங்களை வேண்டுமென்றே மாற்றியும் இருக்கிறேன். இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு அப்படித்தான் இருக்கச் சொல்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன், ஏனென்றால் திருநெல்வேலிச் சீமையில் எந்த பஸ் ரூட் என்று சொன்னாலே போதும், மீதியை ஆச்சிமார் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் அவளைப் பிள்ளை என்றே சொல்கிறேன். வீட்டில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

நான் பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்குப் போய்வரும் ஆலோசகர். பிள்ளைகள் பாஷையில் ‘கவுன்சலிங் மிஸ்’. 2024 ஆவணி மாதம் ஒரு தலைமை ஆசிரியர் போன் செய்தார். பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளை, பத்தாம் வகுப்பில் நல்ல மார்க், இப்போது ஒன்பது நாளாகப் பள்ளிக்கு வரவில்லை, வந்த ஒருநாள் கணக்குப் பரீட்சையில் வெறும் தாளைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள், நீங்கள் கொஞ்சம் பாருங்கள் என்றார். என்ன ஏது என்று அவருக்கும் தெரியாது. தெரியாத மாதிரிதான் பேசினார் என்பது பிறகு புரிந்தது, அது இருக்கட்டும்.

ஆற்றங்கரை ஊர். அப்பா சென்னையில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை பார்க்கிறார், கோயில் கொடைக்கும் பொங்கலுக்கும் வருவார். அம்மா தட்டில் இலையும் தூளும் வைத்துப் பீடி சுற்றுகிறார். அம்மாதான் பிள்ளையை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்தார், வந்து உட்கார்ந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை பரீட்சையைப் பற்றியதோ பள்ளிக்கூடத்தைப் பற்றியதோ இல்லை.

“டீச்சர், பிள்ள தட்டுப் பக்கமே வரமாட்டேங்கா. முன்னயெல்லாம் படிச்சு முடிச்சா எம் பக்கத்துல வந்து உக்காந்து இலை வெட்டித் தருவா, நூல் சுத்தித் தருவா. இப்ப நான் தட்ட எடுத்தா எந்திரிச்சுப் போயிருதா. கேட்டா மூஞ்சத் திருப்புதா. காத்து கருப்பு எதும் அண்டிருச்சோன்னு கயிறுகூட மந்திரிச்சுக் கட்டியாச்சு.”

என் குறிப்பேட்டில் அன்றைக்கு எழுதியது இரண்டே வரி. அம்மா பீடி சுற்றும்போது பிள்ளை எழுந்து போகிறாள். யூனிஃபார்மில் பவுடர் வாசம் தூக்கலாக அடிக்கிறது. ஏன் எழுதினேன் என்று அப்போது எனக்கே தெரியாது. இரண்டும் ஒரே விஷயம் என்பது மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

முதல் தடவை பிள்ளை வாயே திறக்கவில்லை. இரண்டாவது தடவை அம்மாவை வெளியே டீ குடிக்க அனுப்பிவிட்டு, சும்மா, உன் போனில் பாட்டு என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். போன் அம்மாவுடையது, சிம்மும் அம்மா பெயரில்தான், ஆனால் உண்மையில் அது யார் கையில் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். பாட்டைக் காட்டுகிறவள் மாதிரி எடுத்து, சட்டென்று ஒரு ஃபோல்டரைத் திறந்து மேசை மேல் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். 40க்குப் பக்கத்தில் ஸ்கிரீன்ஷாட்.

11 விநாடி

ஆடி மாதம் அவள் ஊரில் கொடை. சாமக்கொடைக்கு முன்னால் நையாண்டி மேளம் உச்சத்தில் போய்க்கொண்டிருந்தபோது பிள்ளையும் சித்தி மகளும் இன்னும் இரண்டு பேரும் ஓரமாக நின்று ஆடியிருக்கிறார்கள். அந்த வீடியோவை நான் பார்த்தேன். தாவணி முனையை இழுத்துச் செருகிக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, தாளத்தைக் கோட்டைவிட்டு, பக்கத்தில் இருப்பவளைப் பார்த்துச் சிரிக்கிறாள். 11 விநாடி, அவ்வளவுதான். அதைப் பள்ளியின் பெயரில் ஓடிக்கொண்டிருந்த, பெயர் சொல்லாமல் எழுதி அனுப்புவதையெல்லாம் போடுகிற ஒரு இன்ஸ்டாகிராம் கன்ஃபெஷன் பேஜ் எடுத்துப் போட்டது. நான்கு பேர் ஆடிய வீடியோவில் மற்ற மூன்று பேரையும் வெட்டிவிட்டு இவளை மட்டும் வைத்திருந்தார்கள். மேலே, ‘பதினொன்னு பி-யின் புதிய கரகாட்டக்காரி, புக்கிங்குக்கு அணுகவும்’.

அதற்கப்புறம் மழைதான். நிறம், பல், குரல், நடை. இவளையும் இன்னாரையும் சேர்த்து வைத்து ஒன்று, அந்த இன்னாரை மாற்றி இன்னொன்று. அப்பா பொட்டலம் மடிக்கிறவர் என்று ஒன்று. பிறகு, என் கணக்கில் எல்லாவற்றிலும் கொடுமையானது, ‘பக்கத்துல உக்காந்தா பீடி நாத்தம்’. ஒரே ஒரு வரி. 60 சொச்சம் லைக். அந்த வரி வந்த அன்றைக்குத்தான் பிள்ளை அம்மாவின் தட்டுப் பக்கம் போவதை நிறுத்தியிருக்கிறாள், யூனிஃபார்மை வீட்டுக்குள் காயப்போடாமல் மச்சுக்குக் கொண்டுபோய்க் காயப்போட்டு, பவுடரைக் கொட்டித் தேய்த்துப் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “சொன்னா போன வாங்கி வச்சிருவாவ மிஸ். பள்ளிக்கூடத்துக்கும் போவாண்டாம்பாவ.” அவள் சொன்னது அப்படியே நடந்தது. விஷயம் தெரிந்த அன்று ராத்திரி அப்பா சென்னையிலிருந்து போனில் சொன்ன முதல் வார்த்தை, “படிச்சது போதும், நிறுத்து.” நல்ல மனுஷர், மகள் மேல் உயிர். ஆனால் தப்பு செய்தது யாரோ, படிப்பு போவது இவளுக்கு. பிள்ளைகள் வீட்டில் சொல்லாமல் இருப்பதற்கு நான் பார்த்தவரை பெரிய காரணம் வெட்கமோ மிரட்டலோ இல்லை, இந்தக் கணக்குதான். சொன்னால் நமக்குத்தான் தண்டனை என்று அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும்.

அந்தக் காலத்து வேலை, இந்தக் காலத்துக் கருவி

நம்ம பக்கத்துக்கு இது புதிதா என்றால், இல்லை. மொட்டைக் கடுதாசி என்று ஒரு சொல் நம்மிடம் எவ்வளவு காலமாக இருக்கிறது! நிச்சயமான கல்யாணத்தைக் கலைக்க, வேலையில் இருப்பவனை மாட்டிவிட, ஒரு இன்லேண்ட் லெட்டரும் இடது கையால் எழுதிய நாலு வரியும் போதும். வந்த வீட்டில் முதலில் என்ன செய்வார்கள்? தபாலாபீஸ் சீலைப் பார்ப்பார்கள். எந்த ஊரில் போட்டது, என்றைக்குப் போட்டது. எங்கள் பெரியம்மா வீட்டுக்கு வந்த ஒன்றை, சீலைப் பார்த்தே சந்தைக்கு வந்துபோன ஆளைப் பிடித்ததாக ஒரு கதை உண்டு, எவ்வளவு உண்மையோ.

இந்த பேஜும் கிட்டத்தட்ட அதேதான். இன்ஸ்டாகிராம் பயோவில் ஒரு கூகுள் ஃபார்ம் லிங்க். ஃபார்மில் ஒரே கேள்வி: மனசுல உள்ளதைச் சொல்லு. மெயில் ஐடி கேட்காத மாதிரி அமைத்திருந்தால், எழுதியவர் யார் என்று ஃபார்மை வைத்திருப்பவருக்கே தெரியாது. எழுதுவது யாரோ, எடுத்துப் போடுவது அட்மின், பார்ப்பது ஊர். மொட்டைக் கடுதாசி ஒரு வீட்டுக்குப் போகும், இது முந்நூறு வீட்டுக்கு ஒரே நேரத்தில் போகிறது, அதுவும் கடுதாசி யாரைப் பற்றியதோ அவள் அந்த முந்நூறு பேரோடு மறுநாள் காலையில் பிரேயரில் நிற்க வேண்டும்.

முகம் தெரியாது என்றால் மனிதனுக்கு வாய்க்கட்டு அவிழ்ந்துவிடுகிறது என்று ஜான் சூலர் என்ற உளவியலாளர் 2004இல் எழுதினார், இந்தத் துறையில் எல்லாரும் மேற்கோள் காட்டுகிற கட்டுரை அது. சரிதான். ஆனால் பேச்சு எங்கோ இருக்கும் யாருக்கோ போய்ச் சேர்கிற இடத்துக்கு அது இன்னும் நன்றாகப் பொருந்தும் என்று எனக்குத் தோன்றும். நம்ம ஊரில் முகமூடி போட்டவனும் அடிபட்டவளும் ஒரே பஸ்ஸில் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். அந்த நெருக்கம் சேர்ந்ததும் விஷயம் வேறு மாதிரி ஆகிவிடுகிறது, ஏனென்றால் யாரைப் பார்த்தாலும் இவனா, இவளா என்று தோன்றும். பிள்ளை சொன்னாள், “கிளாஸ்ல யாரு சிரிச்சாலும் என்னத்தான் மிஸ்.”

இவன்தான் என்று முடிவானது எப்படி

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த நிகழ்வில் மிகப்பெரிய சேதம் பேஜில் நடந்ததைவிட இதில் நடந்தது.

வீட்டுக்குத் தெரிந்ததும் எழுந்த ஒரே கேள்வி, யார்? தாய்மாமன் கிளம்பிவிட்டார். இரண்டு நாளில் பெயர் கிடைத்துவிட்டது. அதே பஸ்ஸில் வரும் பிளஸ் டூ பையன், அடுத்த ஊர், வேறு தெரு (வேறு தெரு என்று நம்ம பக்கத்தில் சொன்னால் வேறு சாதி என்று அர்த்தம்). சாட்சி என்ன? எட்டு மாதத்துக்கு முன்னால் அவன் இவளுக்கு இன்ஸ்டாவில் ஒரு ‘ஹாய்’ அனுப்பியிருக்கிறான், இவள் பதில் போடவில்லை. அவ்வளவுதான் சாட்சி. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் மாமாவும் இன்னும் மூன்று பேரும் அவனை மறித்து, நாலு போட்டு, போனைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அந்த போன் மாமா வீட்டு பீரோவுக்குள் போய்விட்டது.

தலைமை ஆசிரியர் எனக்கு மறுபடி போன் செய்தது அந்த ராத்திரிதான், குரலில் நடுக்கம். 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் உடன் படித்த பையன்களே ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில்தான் அறிக்கை கொடுத்திருந்தது, பள்ளியில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி கூடாது என்பது அதில் ஒன்று. இவர் பள்ளியில் கயிறையெல்லாம் ஏற்கெனவே அறுக்க வைத்துவிட்டார். “கையில கட்டுன கயித்த அறுத்துப் போடலாம் மேடம். போன்ல கட்டிக்கிட்டுத் திரியுதத என்ன செய்ய?” என்றார். பேஜ் ஓடுவது அவருக்கு முன்பே தெரியும் என்பதும் அந்தப் பேச்சில்தான் வெளியே வந்தது. தொட்டால் பற்றிக்கொள்ளும் என்று பயந்து தொடாமல் விட்டிருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அந்தப் பயம் வெறும் பயம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

நல்ல வேளை, இரண்டு ஊரிலும் சொன்னால் கேட்கிற ஆட்கள் இருந்தார்கள், உட்கார்ந்து பேசினார்கள், பெரிதாகவில்லை. பையன் மட்டும் அதன் பிறகு பள்ளிக்கு வரவில்லை.

அவன் அடி வாங்கிய செய்தி கேட்டு இன்னொருவன் ஆடிப்போனான். பேஜ் அட்மின். பிளஸ் டூ, நன்றாகப் படிக்கிறவன், ஸ்கூல் டே நிகழ்ச்சிக்கு மைக் பிடிக்கிற ரகம். அவனே வந்து தலைமை ஆசிரியர் அறையில் நின்றான். “நான் ஒண்ணுகூட எழுதல மிஸ். வந்ததத்தான் போட்டேன்.” அவன் சொன்னது உண்மை. எழுதியவர்களில் பிறகு வாய் திறந்த ஆறு பேரும் சொன்னது, ‘நான் ஃபார்ம்லதான எழுதினேன், போட்டது அவன்’. லைக் போட்டவர்கள், ‘எல்லாரும் போட்டாங்க, நானும் போட்டேன்’. வீடியோவை வீட்டு வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து வெளியே விட்ட சித்தி மகள், ‘நான் ஒருத்திக்குத்தான் அனுப்பினேன்’. ஒருத்தர்கூடப் பொய் சொல்லவில்லை. கொடுமைப்படுத்தல் என்றால் அது திரும்பத் திரும்ப நடக்க வேண்டும் என்பது நார்வே உளவியலாளர் டான் ஓல்வியஸ் வகுத்த பழைய இலக்கணம். இங்கே திரும்பச் செய்ததாக யாரையும் சொல்ல முடியாது, ஆளுக்கு ஒரு தடவைதான், ஆனால் வாங்கியவளுக்கு 40 தடவையாவது இருக்கும்.

ஷீட்டில் இருந்த நேரம்

கூகுள் ஃபார்மில் வருவதெல்லாம் ஒரு ஷீட்டில் வரிசையாக விழும். அதில் இரண்டே பத்தி. ஒன்று எழுதியது, இன்னொன்று எழுதிய நேரம், விநாடி சுத்தமாக. பழைய தபால் சீல் மாதிரி.

தலைமை ஆசிரியர் மேசைக் கம்ப்யூட்டரில், பூப்போட்ட துணி உறையை விலக்கிவிட்டு, நானும் அவரும் அட்மினும் உட்கார்ந்து பார்த்தோம். பிள்ளையைப் பற்றியது மொத்தம் 57 வரி. அட்மின் பேஜில் போட்டது 43, மீதியை அவனே வேண்டாமென்று விட்டிருக்கிறான், அவனுக்கும் ஒரு கோடு இருந்திருக்கிறது. நான் நேரத்தை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்தேன்.

முதலில் கண்ணில் பட்டது, வியாழக்கிழமை ராத்திரி 9.52. வெள்ளிக்கிழமை சாயங்காலம் 4.31. வெள்ளி ராத்திரி இரண்டு. சனிக்கிழமை ஒன்று. அடி வாங்கிய பையனின் போன் அப்போது மாமாவின் பீரோவில் பூட்டிக் கிடக்கிறது. அந்த வீட்டில் பேஜைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள், புதிது புதிதாக வருவதும் தெரியும், ஆனால் போன் நம்மிடம் இருக்கும்போது இவன் எப்படி எழுதுவான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் போய்ச் சொன்னபோதும் மாமா அசையவில்லை. “அவந்தான்னு ஊருக்கே தெரியும், நீங்க என்ன புதுசா கேக்கிய? வேற போன் வச்சிருப்பான்.” ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்பார்கள், மாமா வாய்க்கும் இல்லை. பையன் வீட்டில் இன்னொரு போன் உண்டுதான், பட்டன் போன்.

இரண்டாவதாகக் கண்ணில் பட்டது, பாதிக்கு மேல் 4.20க்கும் 5 மணிக்கும் நடுவில். பள்ளி விட்டு பஸ்ஸுக்கு நிற்கிற, பஸ்ஸில் வருகிற நேரம். அதாவது அவள் பக்கத்தில் இருக்கும்போதே எழுதியிருக்கிறார்கள். இதை நான் பிள்ளையிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

மூன்றாவது, மூன்று வரிகள் மட்டும் தனியாக நின்றன. நடுச்சாமம் 12.50, ஒரு மணி ஏழு நிமிடம், ஒரு மணி பதினைந்து. மற்றவற்றில் இருந்த கிண்டல் இவற்றில் இல்லை. ஒன்றில், ‘அவளுக்கு இடது முழங்கால்ல ஒரு தழும்பு இருக்கு, பாக்கவே அசிங்கமா இருக்கும், அவ செத்தாலும் யாரும் தேட மாட்டாங்க’.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. யூனிஃபார்ம் சுடிதார். முழங்கால் தழும்பு பள்ளியில் யாருக்குத் தெரியும்? தெரியக்கூடாத படம் எதுவும் யார் கையிலாவது இருக்கிறதா? அப்படி இருந்தால் கதை வேறு, அது போக்சோ, பிள்ளைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டம். 19ஆவது பிரிவின்படி தெரிந்த நிமிடமே காவல் துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ நான் சொல்லியாக வேண்டும், வீடு வேண்டாம் என்று காலில் விழுந்தாலும். அந்தப் பதற்றத்தோடுதான் நான்காவது சந்திப்புக்குப் போனேன். தழும்பைப் பற்றி எப்படிக் கேட்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போய், கடைசியில் சும்மா கேட்டேன், சின்ன வயதில் எங்காவது விழுந்து அடிபட்டிருக்கிறாயா என்று.

படித்துறையில் விழுந்தாளாம், ஏழு வயதில், ஆச்சி துணி துவைத்துக்கொண்டிருந்தபோது. பாசி வழுக்கிவிட்டது. ஆச்சி முந்தானையைக் கிழித்துக் கட்டித் தூக்கிக்கொண்டு ஓடினாளாம். அதைச் சொல்லும்போது இரண்டு மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள், எதற்குக் கேட்கிறேன் என்று புரிந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு,

“அது நாந்தான் மிஸ்.”

கொஞ்ச நேரம் நான் ஒன்றும் பேசவில்லை. அவளே சொன்னாள். அம்மா ராத்திரி கடைசிக் கட்டைக் கட்டிவிட்டுப் படுத்த பிறகு, அரங்கு வீட்டில், அதாவது உள்ளறையில், சார்ஜில் கிடக்கும் போனை எடுத்து எழுதியிருக்கிறாள். “அவங்க சொல்லுததுக்கு முன்னாடி நானே சொல்லிட்டா அப்புறம் வலிக்காதுல்லா.” பிறகு, “யாராவது ஒருத்தராவது, ஏன் இப்படிச் சொல்லுதீங்கன்னு கமென்ட் போடுவாங்களான்னு பாத்தேன்.”

போட்டாங்களா?

“ஒருத்தரும் போடல.”

இப்படி நடக்கும் என்று படித்திருந்தேன். பெயர் தெரியாத கேள்வி பதிலுக்கென்றே இருந்த ஃபார்ம்ஸ்பிரிங் என்ற தளத்தில் சில பிள்ளைகள் தங்களைத் தாங்களே திட்டிக் கேள்வி அனுப்பிக்கொண்டதை டானா பாய்ட் என்ற ஆய்வாளர் 2010இலேயே எழுதினார். 2017இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில் 12 முதல் 17 வயதுள்ள பிள்ளைகளில் சுமார் 6 சதவீதம் பேர் பெயர் மறைத்துத் தங்களைப் பற்றியே கெட்டதாக எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். படித்தது படித்ததுதான். எதிரே உட்கார்ந்து ஒரு பிள்ளை சொல்லும்போது அந்த 6 சதவீதமெல்லாம் ஞாபகத்துக்கு வருவதில்லை. ‘செத்தாலும்’ என்று எழுதியிருந்ததால் அன்றைக்கே நேராகக் கேட்டேன், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா, எப்படி என்று யோசித்திருக்கிறாயா என்று. கேட்டால் புத்தியில் ஏறிவிடும் என்று பெற்றவர்கள் பயப்படுவார்கள், ஏறாது, கேட்பதுதான் சரி. தோன்றியதாம், யோசிக்கவில்லையாம். அம்மாவைக் கூப்பிட்டு ராத்திரி தனியாகப் படுக்க விட வேண்டாம் என்று சொல்லி, மறுநாளே மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனோம், மனநல உதவி எண் 14416ஐயும் சிறார் உதவி எண் 1098ஐயும் அம்மா கையில் எழுதிக் கொடுத்தேன்.

அந்த மூன்று வரி அவளுடையது என்பது எனக்கும் மருத்துவருக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். பள்ளிக்குச் சொல்லவில்லை. சொன்னால் ‘எல்லாம் அவளே எழுதினதுதானாம்’ என்று ஆகியிருக்கும், 54 வரி காற்றில் போயிருக்கும். அட்மின் மட்டும் ஒருநாள் என்னிடம், மிஸ் அந்த நடுராத்திரி மூணு யாருன்னு தெரிஞ்சுதா என்று கேட்டான். தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். என் வேலையில் நான் சொன்ன பொய்களில் இதற்காக வருத்தப்பட்டதில்லை.

சட்டம் எங்கே வரும், எங்கே வராது

புகார் கொடுப்பதா வேண்டாமா என்று வீட்டில் ஒரு வாரம் ஓடியது. அம்மாவுக்குப் பயம், ஸ்டேஷனில் பெயர் எழுதினால் நாளைக்குக் கல்யாணத்துக்குக் கேட்பார்கள். மாமாவுக்கு வேகம், ஆனால் தான் அடித்த கதை வெளியே வரும் என்பதில் வேகம் குறைந்தது.

பலரும் நினைப்பதுபோல இன்டர்நெட்டில் கேவலமாக எழுதினாலே உள்ளே போட்டுவிடும் பிரிவு இப்போது இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66ஏ என்று ஒன்று இருந்தது, பேச்சுரிமைக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24ஆம் தேதி அதை அடித்துவிட்டது. சரியான தீர்ப்புதான், அரசியல்வாதியைக் கிண்டல் செய்தவர்களைப் பிடிக்கவும் அது பயன்பட்டது. மற்றவை இருக்கின்றன. அந்தரங்கப் படம் என்றால் 66இ, ஆபாசம் என்றால் 67, பிள்ளைகள் சம்பந்தப்பட்டதென்றால் 67பி, அதோடு போக்சோ. 2024 ஜூலை 1இல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பின்தொடர்ந்து தொல்லை கொடுத்தால் 78, பெண்ணின் மானத்தைக் குலைக்கும் சொல்லுக்கு 79, பெயரை மறைத்து மிரட்டினால் 351இன் நான்காவது உட்பிரிவு. மொட்டைக் கடுதாசி மிரட்டலுக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 507 என்று தனிப் பிரிவே இருந்தது, அதன் பேரன்தான் இது. நிறம், பல், பீடி நாற்றம் என்று ஆளுக்கு ஒரு வரி எழுதியது இவற்றில் எதிலும் ஒழுங்காக உட்காராது. உட்கார்ந்தாலும் எழுதியவர்கள் எல்லாம் 18 வயதுக்கு உட்பட்டவர்கள். கொடுங்குற்றம் தவிர மற்றவற்றில் சிறார் மேல் எஃப்ஐஆர்கூடப் போடுவதில்லை, நாட்குறிப்பில் பதிந்து, சமூகப் பின்னணி அறிக்கையோடு இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்புவார்கள். எனக்கு அது நியாயமாகவே படுகிறது, மாமாவுக்குப் படவில்லை.

கடைசியில் மனு கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சிஎஸ்ஆர் ரசீது வாங்கினோம். அங்கே இருந்த எஸ்ஐ ஒரு பெண், பொறுமையாகக் கேட்டார். இன்ஸ்டாகிராம், கூகுள் கம்பெனிகளுக்கு எழுதினால் ஐபி முகவரி, அதாவது எந்த நெட் இணைப்பிலிருந்து எழுதியது என்று காட்டும் எண், வரும், ஆனால் மொபைல் டேட்டாவில் ஒரே ஐபியை ஒரே நேரத்தில் ஏகப்பட்ட பேர் பயன்படுத்துவார்கள், சரியான நேரமும் போர்ட் எண்ணும் இல்லாவிட்டால் ஆளைப் பிடிப்பது குதிரைக்கொம்பு என்றார். அப்புறம் கேட்டார், பேஜ் லிங்க் எங்கே?

இங்கேதான் என் தப்பு. அட்மின் வந்து அழுத அன்றைக்கே, முதலில் அந்த பேஜை அழி என்று நான்தான் சொன்னேன். என் கண் முன்னாலேயே அழித்தான். லிங்கோடு, தேதியோடு ஒரு பிரதி எடுத்து வைக்கத் தோன்றவில்லை, இத்தனை வருஷ அனுபவத்தில். கணக்கை அழித்த பிறகும் பதிவு விவரங்களைக் கம்பெனி 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று 2021 ஐடி விதிகளில் இருக்கிறது, அதனால் எல்லாம் போய்விடவில்லை, ஆனாலும் வேலை இரண்டு மடங்கு. மிஞ்சியது பிள்ளையின் 43 ஸ்கிரீன்ஷாட்தான். எதற்குச் சேர்த்து வைத்தாய் என்று முன்பு கேட்டதற்கு, “மறந்துரக் கூடாதுன்னு” என்றிருந்தாள். இதைப் படிக்கிற ஆசிரியர்கள் யாராவது இருந்தால், ஒன்றே ஒன்று: அழிக்கச் சொல்வதற்கு முன்னால் பிரதி எடுங்கள்.

பிறகு

தலைமை ஆசிரியர் பிரேயரில் எல்லார் முன்னாலும் அட்மினை நிறுத்த விரும்பினார். வேண்டாம் என்று சண்டை போட்டேன், ஒருவனை நிறுத்தினால் மற்ற 300 பேரும் தப்பித்த நிம்மதியோடு வேடிக்கை பார்ப்பார்கள். அதற்குப் பதிலாக வகுப்பு வகுப்பாகப் போய், பெயர் சொல்லாமல், பீடி வரியை மட்டும் போர்டில் எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தேன். இந்த வகுப்பில் யார் வீட்டிலெல்லாம் அம்மா, ஆச்சி, சித்தி பீடி சுற்றுகிறார்கள் என்று கேட்டேன். முதலில் ஒரு கையும் இல்லை. பிறகு ஒன்று, மூன்று, பதினொன்று. பதினொன்று பி-யில் எண்ணினேன், 38 பேரில் 21 கை. அந்த வரிக்கு லைக் போட்ட சில கைகளும் அதில் இருந்தன, எனக்குப் பட்டியல் தெரியும்.

இரண்டு மாதத்தில் வேறு பெயரில் வேறு பேஜ் வந்துவிட்டது, இந்த முறை ஃபார்ம் இல்லை, என்ஜிஎல் லிங்க். பெயர் தெரியாமல் யார் வேண்டுமானாலும் உனக்கு மெசேஜ் அனுப்பலாம் என்கிற ஆப். அந்தக் கம்பெனி தானே பொய் மெசேஜ்களை உருவாக்கி, தெரிந்த ஆள் யாரோ அனுப்பியது போலப் பயனர்களுக்கு அனுப்பியது, யார் அனுப்பியது என்று தெரிய வேண்டுமானால் காசு கட்டு என்றது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2024 ஜூலையில் குற்றம் சாட்டியது. 50 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டார்கள், 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்றும் ஆனது. யார், யார் என்று நாங்கள் இரண்டு மாதம் அலைந்ததை நினைத்துக்கொண்டேன். அங்கே சில சமயம் ஆளே கிடையாது.

பிள்ளை பள்ளிக்குத் திரும்பிவிட்டாள், இப்போது பிளஸ் டூ. அப்பாவிடம் பேசப் பத்து நாள் ஆனது, படிப்பை நிறுத்தவில்லை. தட்டுப் பக்கத்தில் உட்காருகிறாள், ஆனால் இலை வெட்டுவதில்லை, புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்காருகிறாள். அம்மா இதை ஒரு குறையாகச் சொன்னார். சித்தி மகளோடு இன்னும் பேச்சு வார்த்தை இல்லை.

பையனைப் பற்றி நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். டிசி வாங்கிக்கொண்டு போய்விட்டான், பெரியப்பா கடையில் நிற்கிறான், அடுத்த வருஷம் ஐடிஐ சேரப் போகிறான் என்றார்கள். அவன் போன் மட்டும் நான்கு மாதமாக அந்த பீரோவிலேயே கிடந்தது. மூன்று தடவை கேட்ட பிறகு மாமி எடுத்துக் கொடுத்தார், மாமா திண்ணையைவிட்டு எழுந்திருக்கவில்லை. கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போய் இறங்கி, அவன் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தேன். அவன் இல்லை, அப்பாதான் இருந்தார். நடந்ததைச் சொன்னேன், எழுதியது உங்கள் மகன் இல்லை என்று தெரிந்துவிட்டது என்று சொன்னேன். தலையை ஆட்டினார். போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மூலையில் கண்ணாடி விரிந்திருந்தது, சார்ஜ் இல்லை.

“இத யாரு டீச்சர் ஊருக்குச் சொல்லுவா?” என்றார். பிறகு உள்ளே பார்த்து, டீச்சருக்குத் தண்ணி கொண்டுவாட்டி என்றார்.